இரண்டு வாய் பிரியாணி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44, ஊர் தூத்துக்குடி. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று மூன்று தீர்மானம் எடுத்தேன்: காபி கிடையாது, கறி மீன் கிடையாது, நாற்பது நாளும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு). முதல் வாரம் தலைவலியில் மண்டை பிளந்தது. பத்தாவது படிக்கும் மகளிடம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். "நீங்க சாப்பிட்டுட்டே கத்தலாம்மா" என்றாள். இரண்டாம் ஞாயிறு, நாத்தனார் பேரனின் பிறந்தநாளில் மறுக்க முடியாமல் இரண்டு வாய் பிரியாணி சாப்பிட்டேன். எல்லாம் போச்சு என்று வீட்டுக்கு வந்து காபியும் போட்டுக் குடித்தேன். ஒரு வாரமாக எதையும் கடைப்பிடிக்கவில்லை. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவும் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகவும் கூச்சமாக இருக்கிறது. ஆண்டவரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவளா நான்?

அன்புச் சகோதரி,

கணக்கிலிருந்தே தொடங்குவோம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், நோன்பில் சேராது. நீங்கள் பிரியாணி சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி சாம்பல் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாள். அன்றுகூட ஒரு முழுச் சாப்பாடும், இரண்டு வேளை சிறிதளவும் உண்டு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்தில் கறிதான் விலக்கு, மீன் இல்லை. (கடற்கரை வீட்டில் மீனை விடுவதுதான் பெரிய தவம் என்று ரோமில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.) மற்றதெல்லாம் நீங்களாக ஏற்றுக்கொண்டது. வாய்விட்டு நேர்ந்த பொருத்தனையாக இருந்தால், பங்குச் சாமியாரிடம் சொல்லி இலகுவாக மாற்றிக்கொள்ளலாம்.

உங்களைக் கவிழ்த்தது பிரியாணி அல்ல, அதற்குப் பின் குடித்த காபி. 'ஒன்று போனால் எல்லாம் போச்சு' என்று மனம் கணக்கை மூடிவிடும். குடியை விட முயல்பவர்களிடமும் உணவைக் குறைப்பவர்களிடமும் இதே கதைதான். விதி எவ்வளவு கறாரோ, உடையும்போது அவ்வளவு மொத்தமாக உடைகிறது.

முதல் வாரத் தலைவலிக்கும் உங்கள் பக்திக்கும் சம்பந்தமில்லை. தினமும் காபி குடிப்பவர் சட்டென நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலியும் எரிச்சலும் வரும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருந்து, ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். அதோடு பட்டினியும் சேர்ந்ததை உங்கள் மகள்தான் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

மீதி நாட்களுக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காபிதான் என்றால், இப்போது மூன்று டம்ளர் குடித்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; மாலைக் காபியில் தொடங்குங்கள், காலைக் காபியைக் கடைசியில் விடுங்கள். மிச்சமாகும் பால், காபிப்பொடிக் காசை அன்றன்றே ஒரு டப்பாவில் போட்டு, பெரிய வியாழனன்று யாருக்குக் கொடுப்பது என்று இன்றே முடிவு செய்துவிடுங்கள். யாருக்கென்று தெரியாத காசு வாரக் கடைசியில் காய்கறிக்குப் போய்விடும். நாள்முழுப் பட்டினி வேண்டாம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை.

விருந்து வீட்டுக்குப் போனால் தட்டு கைக்கு வருமுன்பே, "எனக்கு தயிர்சோறு போதும் மைனி" என்று சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபின் மறுப்பதுதான் சங்கடம்.

நன்மை வாங்கக் கூசும் அளவுக்கு இதில் பாவம் எதுவும் இல்லை. வரும் வெள்ளி சிலுவைப்பாதைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியிலேயே, முதல் வாரம் கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.