நாற்காலியும் சளியும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். மாதம் தவறாமல் சளி. நடந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாமே, உண்மையா டாக்டர்?

பதில்: உண்மைதான். ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களைச் சுமந்து உடலில் ஓடும் நிணநீர் என்ற திரவத்துக்குத் தனி பம்பு கிடையாது. தசைகள் அசையும்போதுதான் அது விரைந்து ஓடும். வேகமாக நடக்கையில், கிருமியை வேட்டையாடும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் பெருகி உடலெங்கும் ரோந்து சுற்றுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஞாயிறன்று கே.ஆர்.பி. அணைப் பூங்காவைச் சுற்றிவிட்டு (மீன் வறுவல் கணக்கில் வராது!) மற்ற நாளெல்லாம் உட்கார்ந்தே கிடந்தால் போதாது என்பேன். மேஜையில் தண்ணீர் பாட்டில் வேண்டாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் குடியுங்கள். காய்ச்சலன்று மட்டும் ஓய்வு. மாதாமாதம் சளி என்பது ஒவ்வாமையாகவும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.