நான்கு சேனல் பார்த்தும் பிளவுஸ் தோளில் நிற்கவில்லையா?

வணக்கம் சகோதரி. யூடியூபில் நான்கு தையல் சேனல் பார்த்து 36 அங்குல மார்பளவுக்கு பிளவுஸ் வெட்டினேன், உடம்பு தொளதொளவென்று இருக்கிறது, தோளும் நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குறை இல்லை என்றுதான் நினைக்கிறேன். கணக்குகள் கலந்துவிட்டன.

36-இல் கால்பங்கு 9. அதோடு லூஸ் அரை அங்குலம், தையலுக்கு ஒன்றரை சேர்த்து ஒருவர் நேராக 11 என்று சொல்லிவிடுவார். இன்னொருவர் 9½-இல் கோடு போட்டு, தையலுக்குத் தனியாக விடச் சொல்வார். முதலாமவரின் 11-ஐ எடுத்து இரண்டாமவர் சொன்னபடி மறுபடி ஒன்றரை விட்டால், நான்கு கால்பங்குக்கும் சேர்த்துச் சுற்றளவில் 6 அங்குலம் கூடிவிடும். தொளதொளக்காமல் என்ன செய்யும்!

கழுத்திலும் இதே கதைதான். விளிம்பைத் திருப்பித் தைக்கும்போது பக்கத்துக்குக் கால் அங்குலம் போகும், கழுத்து அரை அங்குலம் அகலும், தோள் நழுவும். அதை முன்கூட்டியே கழித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பின்கழுத்து ரொம்ப இறக்கம் என்றால் அகலத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே இழுத்துக் கட்ட நாடா வையுங்கள்.

ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு முதல் பிளவுஸை முடியுங்கள். யார் என்பது அவ்வளவு முக்கியமில்லை. அளவு நாடாவைத் துணிமேல் வைத்துக் காட்டுபவராக இருக்கட்டும். வேகத்தை 0.75 ஆக்கி, எண்களை நோட்டில் எழுதி, முதலில் செய்தித்தாளில் வெட்டுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணி. கணினியில் யூடியூப் பார்த்தால், வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள், காட்சி ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். கை வளைவு வரைவதைப் பார்க்க அது ரொம்ப உதவும்.

லைனிங் காட்டனா? வெட்டுமுன் நனைத்துக் காயவைத்தீர்களா என்றும் சொல்லுங்கள்.