கார் இருக்கிறது, கை எங்கே?

இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் பழைய கார்களைப் பற்றிய ஐந்தை எடுத்துக்கொண்டேன். கேட்டது வேறு வேறு விஷயம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலை இருக்கிறது. வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை.

கேள்வி (கோத்தகிரி): என் தாத்தா 1970-ல் வாங்கிய நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்களிடம் இருக்கிறது. கோவையில் ஒரு பட்டறையில் எட்டு மாதத்தில் புதுசு போல ஆக்கித் தருகிறோம் என்றார்கள். மூன்று லட்சம் கொடுத்தேன். இருபது மாதம் ஆகிவிட்டது. பாடி தனியாக, அடிச்சட்டமான சேஸ் தனியாகக் கிடக்கிறது. தகட்டு வேலை செய்யும் டிங்கர் நின்றுவிட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். இது உண்மையா, சாக்கா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை பட்டறைக்குத் தெரிந்திருக்க வேண்டியது, முன்பணம் வாங்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.

ஏன் ஆள் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரு புதுக் காரின் கதவு நசுங்கினால் யாரும் தட்டி நிமிர்த்துவதில்லை. இன்சூரன்ஸ் பணம் வருகிறது, புதுக் கதவு வருகிறது, மாட்டிவிடுகிறார்கள். ஹெரால்டுக்கு அந்த வழி கிடையாது. அதைச் செய்த, சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1980-களின் கடைசியிலேயே மூடிவிட்டது. இங்கிலாந்தில் அதன் அண்ணனான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே நாலு கதவு வண்டி வரவே இல்லை, அது நம் நாட்டில் மட்டும் செய்தது. ஆகவே உங்கள் வண்டியின் பின்கதவை எந்த ஊரிலிருந்தும் வரவழைக்க முடியாது. தகட்டை வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்துத்தான் செய்தாக வேண்டும். ஹெரால்டின் பாடி ஒரே கூடு அல்ல. முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று துண்டு துண்டாக சேஸ்மேல் போல்ட் போட்டு நிறுத்தியது. பிரிப்பது எளிது. திரும்பப் பூட்டும்போது கதவிடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வர, தகட்டுத் துண்டுகளை அடியில் செருகிச் செருகி நிமிர்த்த வேண்டும். அதற்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும். குன்னூரில் ஒரு வயதான மிஸ்திரி இந்த வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு கதவுக்கு நான்கு நாள் எடுத்தார். ஸ்கேலே தொடவில்லை, விரலை இடுக்கில் ஓட்டிப் பார்த்தே சொன்னார். அவரிடம் தொழில் பழக வந்த இரண்டு பையன்களும் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, சீசனில் அதில் வருமானம் அதிகம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நேரில் போங்கள். ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கைப்பிடி, மீட்டர், முன்விளக்கு வளையம், கண்ணாடி ரப்பர் ஒன்றையும் விடாதீர்கள், ஏனென்றால் பிரித்துப் போட்ட வண்டியில் முதலில் காணாமல் போவது இவைதான். சண்டை பிறகு இருக்கட்டும், பட்டியல் முதலில்.

அடுத்து, மூன்று லட்சத்தில் எவ்வளவு செலவாயிற்று என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் அதுவரை வண்டியைப் பிடித்து வைக்க, ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. செய்யாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது. நிறுத்தி வைத்ததற்கு வாடகை என்று ஏதாவது சொன்னாலும் அசைய வேண்டாம்.

கணக்கு வராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பட்டறை கோவையில் இருந்தாலும் நீங்கள் ஊட்டியிலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலும் அதை அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார் செய்ய இரண்டு ஆண்டுதான் கெடு. எட்டாவது மாதம் முடிந்த நாளிலிருந்தே அது ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் உங்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. எட்டு மாதம் என்பது வாய்ச்சொல்லாக இருந்தால், இருபது மாதமாக நடந்த வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், வேறொரு டிங்கரைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள், பட்டியல் மட்டும் கையில் இருக்கட்டும். ஆளைக் கண்டுபிடித்ததும், பாடி முடிந்தால் இவ்வளவு, பெயிண்ட் முடிந்தால் இவ்வளவு, இன்ஜின் முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். வேலை செய்யப்போகிறவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பட்டறையின் போர்டைப் பார்த்துப் பணம் கொடுத்தது உங்களுக்கு நடந்த பிசகு. இந்தத் தொழிலில் நாம் விலைக்கு வாங்குவது ஒரு தனி மனிதரின் கையை.

கேள்வி (கொடைக்கானல்): ஓய்வு பெற்று இங்கே குடி வந்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஓட்ட ஒரு பழைய வண்டி வேண்டும். பத்மினி, அம்பாசிடர், மோரிஸ் மைனர், வில்லிஸ் ஜீப் நான்கும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: வண்டியைப் பார்க்கும் முன் மெக்கானிக்கைப் பாருங்கள். கொடைக்கானலிலோ கீழே பத்தலகுண்டிலோ உங்களுக்கு ஆள் யார்? அவருக்கு எந்த வண்டி கைவந்ததோ அதை வாங்குங்கள்.

பொதுவாகச் சொன்னால் அம்பாசிடர்தான் கவலை குறைந்தது. 2014 வரை செய்தார்கள், பாகங்களும் கிடைக்கின்றன, ஐம்பது வயது தாண்டிய எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அடுத்தது பத்மினி. பம்பாய் டாக்ஸியாக அத்தனை ஆயிரம் ஓடியதால் பாகங்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன, சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஜீப்புக்கு மலையில் எப்போதும் ஆள் உண்டு, எஸ்டேட்காரர்கள் விட்டபாடில்லை.

மோரிஸ் மைனர் அழகான வண்டி, ஆனால் ஆள் இல்லாமல் வாங்காதீர்கள். அதன் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இருக்கும், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். என் மாமனார் வீட்டு மோரிஸுக்கு வந்த ஒரு பையன், பழகிய பழக்கத்தில் மைனஸை பாடியில் மாட்டிவிட்டான். ரேடியோ போய்விட்டது. நல்ல பையன்தான், யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மெக்கானிக்கைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: அங்குல ஸ்பானர் செட் இருக்கிறதா, இந்த வண்டிக்கு எர்த் எந்தப் பக்கம், அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியில் என்று கேளுங்கள்.

வாங்கும் அன்று துணி சுற்றிய சின்ன காந்தம் ஒன்றை எடுத்துப்போங்கள். கதவின் அடிப்பக்கம், மட்கார்டு ஓரம் எங்கே ஒட்டவில்லையோ அங்கே உள்ளே இருப்பது ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி, தகடு இல்லை. மலை மூடுபனியில் கிடந்த வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால் அன்று வாங்காதீர்கள், ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஆர்.சி. நடப்பில் இருக்கிறதா, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தனிநபர் தன் சொந்த வண்டியை விற்றால் பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான். ஆகவே ஒரு மெக்கானிக்குக்கு ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். பிரேக்கை அவரே ஓட்டிப் பார்க்கட்டும். டிரம் பிரேக் வண்டி மலையிலிருந்து இறங்கும்போது சூடேறி பிடிமானம் குறையும், இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்குங்கள்.

கேள்வி (ஊட்டி): கோவையில் என் பத்மினிக்கு கார்புரேட்டர் சர்வீஸ் செய்து டியூனிங் போட்டார்கள். அங்கே வெண்ணெய் போல ஓடியது. ஊட்டி வந்ததும் கரும்புகை, ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 400 சொச்சம். இங்கே காற்று ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ள புது வண்டிக்கு கம்ப்யூட்டர் இருக்கிறது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டருக்கு அது இல்லை. பெட்ரோல் மிகுந்து, பிளக் கறுக்கிறது. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு சின்னதாகப் போட்டால் சரியாகும். அப்புறம் கீழே நெடுந்தூரம் ஓட்டும்போது பழைய ஜெட்டையே மாட்டுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறும். ஊட்டியில் ஓடும் வண்டிக்கு ஊட்டியில்தான் டியூனிங். அந்தக் காலத்தில் இங்கே இருந்த மெக்கானிக்குகள் கேட்காமலே செய்தது இது.

கேள்வி (குன்னூர்): 1968 மாடல் அம்பாசிடர். பழைய இன்ஜினுக்கு ஆள் இல்லை, மாருதி ஆம்னி வேனின் இன்ஜினைப் போட்டுத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றினால் ஆர்.சி.யோடு பொருந்தாது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல். 796 சி.சி. இன்ஜின் அந்தக் கனமான வண்டியைக் கல்லாறு ஏற்றத்தில் இழுக்கப் படும் பாடு வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பழுது பார்க்க, பெட்ரோல் போட என்றுதான் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. உங்களுக்கு அது வேண்டுமா என்பது வேறு விஷயம், ஆனால் சேஸ், பாடி, இன்ஜினை மாற்றிய வண்டிக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

அந்த இன்ஜினுக்கு ஆள் இல்லை என்பதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வேலையில் பாதி லேத் வேலை. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற, லேத் ஓட்டத் தெரிந்த டர்னர்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். விசாரியுங்கள்.

கேள்வி (கூடலூர்): என் மகன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தான். பழைய வண்டி வேலையில் ஆசை. இதில் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும் என்று நம்புகிறேன், ஆனால் உடனே இல்லை. 2000-ம் ஆண்டையொட்டி புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்கள் அதைத் தொட்டுப் பழகும் வாய்ப்பே குறைவு. இன்று பழைய வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பது அதனால்தான். டிங்கர் வேலையும் அதே நிலை. இந்த இரண்டில் ஒன்று கைவந்த இளைஞனைத் தேடி கோவையிலிருந்தும் வண்டி வரும்.

நம் மலை ரயிலைப் பாருங்கள். பழைய நீராவி இன்ஜின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011-ஐ ஒட்டி அதே மாதிரியில் புது இன்ஜினே செய்து அனுப்பினார்கள். அந்த வேலை தெரிந்த கைகளை அங்கே விட்டுவிடாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

முதல் மூன்று ஆண்டு சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதை வீடு தாங்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாங்கும் என்றால், அறுபது வயதைத் தாண்டிய ஒரு மிஸ்திரியிடம் விடுங்கள். கூட்டிவிடு, டீ வாங்கி வா என்பதோடு நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு கார்புரேட்டரையாவது அவனையே பிரித்துப் பூட்ட விடுவாரா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விடமாட்டார் என்றால் வேறு இடம் பாருங்கள். கூடவே ஒரு நல்ல அங்குல ஸ்பானர் செட் வாங்கிக் கொடுங்கள், அவன் பெயரைப் பொறித்து.