அங்க்லுங்: ஒருவர் கையில் ஒரு சுரம்

மேற்கு ஜாவாவின் மூங்கில் கருவியான அங்க்லுங்கை இந்தோனேசிய மாணவர் குழுக்கள் வெளிநாடுகளில் வாசிப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்குள்ள பாண்டுங் நகரில் படித்த காலத்தில் அப்படி ஒரு குழுவில் வாசித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முறையான இசைப் பயிற்சி இல்லாத மாணவர்கள் எப்படி மேடையேறுகிறார்கள்?

கருவியின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. மூங்கில் சட்டத்தில் ஒரே சுரத்தின் இரண்டு ஸ்தாயிகளுக்கு இழைத்த இரு குழாய்கள் தொங்கும். இடக்கையால் சட்டத்தைப் பிடித்து, வலக்கையால் அடிக்குழாயை ஆட்டினால் அந்த ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். எனக்குக் கிடைத்த சுரம் ஒரு பாட்டில் ஏழே முறைதான் வந்தது; அதில் ஒன்றைத் தவறவிட்டாலும் மெட்டு அந்த இடத்தில் பல் விழுந்தாற்போல் நின்றது. ஆகவே, மற்றவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தன் முறைக்குக் காத்திருப்பதுதான் முதல் பாடம்.

கேள்வி: பார்வையாளர்களையும் வாசிக்க வைக்க முடியுமா?

முடியும். ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து, சுரத்துக்கு ஒரு கைச்சைகை காட்டினால் சில நிமிடங்களில் ஒரு பாட்டு உருவாகிவிடும். 2011 ஜூலையில் வாஷிங்டனில் 5,182 பேர் சேர்ந்து வாசித்தார்கள்.

கேள்வி: மேலைநாட்டுப் பாடல்களை வாசிப்பது மரபாகுமா?

மேற்கு ஜாவாவின் சுந்தா மக்கள் நெல் தெய்வமான ஞை ஸ்ரீ பொஹாச்சியை வேண்டி ஐந்து சுரங்களில் வாசித்த கருவி இது; பான்டென் மாகாணத்தின் படுய் மக்கள் நெல் விதைப்பில் இன்றும் அப்படியே வாசிக்கிறார்கள். 1938இல் டாயெங் சுதிக்னா என்ற ஆசிரியர் இதை மேலைநாட்டுச் சுரவரிசைக்கு மாற்றியதால்தான் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் கடல் கடந்த மேடைகளுக்கும் இது எளிதாக வந்து சேர்ந்தது. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அயல்நாட்டு அரங்கில் அந்த நாட்டுப் பாடல்களை மட்டுமே வாசித்துவிட்டுத் திரும்பும் குழு, தன் ஊரின் காதைக் கொண்டுபோகவில்லை என்பதே என் கருத்து. பழைய ஐந்து சுர வரிசையான ஸ்லெண்ட்ரோவின் சுரங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் நிற்பவை. மோகனத்தில் பழகிய நம் காதுக்கும் முதலில் அவை சற்று விலகியே கேட்கும். அந்த விலகலைக் கேட்கச் செய்யும் பழைய பாட்டு ஒன்றாவது நிகழ்ச்சியில் இருக்க வேண்டும்.

கேள்வி: பயணத்தில் கருவிகளுக்குச் சேதம் வராதா?

குளிர்நாட்டு அறைகளின் உலர்ந்த வெப்பத்தில் மூங்கில் வெடிக்கக்கூடும்; அரங்குக்கு முன்கூட்டியே கொண்டுபோய்ப் பழகவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குச் செல்பவர்கள் விமான நிலையத்தில் மூங்கில் பொருள் இருப்பதை அறிவிக்க வேண்டும்.

கேள்வி: இத்தனை கருவிகளுக்கு வெட்டினால் மூங்கில் அழிந்துவிடாதா?

2010இல் யுனெஸ்கோ அங்க்லுங்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்த வழக்கத்தையும் பதிவு செய்தது: ஆண்டில் சில்வண்டுகள் பாடும் இரண்டு வாரங்களில் மட்டுமே கருமூங்கிலை வெட்டுவார்கள், அதுவும் வேர் மறுபடி தழைக்கும்படி, தரையிலிருந்து குறைந்தது மூன்று கணுக்களை விட்டே வெட்டுவார்கள்.