வீட்டுலயே செய்யுற சிஎன்சிக்கு எந்த மோட்டார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். காரைக்குடி பக்கம், பரம்பரையா தச்சு வேலை. கதவு பேனல்ல பூ வேலை, எம்டிஎஃப் ஜாலி கட்டிங் எல்லாம் வெளிய குடுத்து வாங்கி கட்டுப்படியாகல, அதனால 2 அடிக்கு 3 அடி சைஸ்ல ஒரு சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி தானா மரம் வெட்டுற மெஷின், நானே செஞ்சிக்கிட்டு இருக்கேன். ஃபிரேம் வெல்டிங் முடிஞ்சிருச்சு, மூணு ஆக்ஸிஸுக்கும் 1605 பால் ஸ்க்ரூ (மோட்டார் சுத்துறதை நேர் நகர்வா மாத்துற மரைத் தண்டு), பிட்டைச் சுத்த 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், கன்ட்ரோலுக்கு ஆர்டினோ யூனோ போர்டுல ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர். கடைக்காரர் நேமா 34 ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துறது) போட்டாத்தான் ஸ்ட்ராங்குங்குறாரு, 3டி பிரிண்டர் செஞ்ச தம்பி ஒருத்தன் நேமா 17 போதும்ங்குறான். 24 வோல்ட் பவர் சப்ளை கையில இருக்கு. நிமிஷத்துக்கு 5 மீட்டராவது ஓடணும். எது வாங்கட்டும்?

பதில்: வணக்கம். ரெண்டும் வேண்டாம், நேமா 23 வாங்குங்க. ஆனா எந்த நேமா 23ங்குறதுல தான் விஷயமே இருக்கு.

நேமா நம்பர் மோட்டாரோட முன்பக்க தட்டு சைஸ் மட்டும் தான். 17னா 42 மில்லி, 23னா 57 மில்லி, 34னா 86 மில்லி, அவ்வளவுதான், பலத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ஒரே 23லயே 10 கேஜி-சென்டிமீட்டர் டார்க்கும் (சுத்துற பலம்) கிடைக்கும், நீளமான பாடில 30ம் கிடைக்கும். அந்த டார்க் நம்பரும் ஹோல்டிங் டார்க், அதாவது ஷாஃப்ட் சுத்தாம நிக்கும்போது தாங்குற பலம். உங்க மெஷின் ஓடித்தானே வெட்டப் போகுது?

முதல்ல எவ்வளவு பலம் வேணும்னு பாத்துருவோம். 1605னா ஒரு சுத்துக்கு 5 மில்லி நகரும், அதைத்தான் லீடுன்னு சொல்றது. அதுல 1 கேஜி-சென்டிமீட்டர் டார்க் குடுத்தா, உராய்வுல போறது போக சுமார் 11 கிலோ தள்ளு விசை கிடைக்கும். 6 மில்லி பிட் போட்டு தேக்கு வெட்ட 15 கிலோ இருந்தா என் கணக்குல தாராளம். 19 கேஜி-சென்டிமீட்டர் மோட்டார் ஓட்டத்துல மூணுல ஒரு பங்கா குறைஞ்சாலும் 60 கிலோவுக்கு மேல தள்ளும். அதனால பலத்துக்காக 34க்கு போக வேண்டிய அவசியமே இல்ல, அதோட ரோட்டர் கனம், சட்டுனு வேகம் எடுக்காது, அதுக்குன்னு பெரிய டிரைவர் (மோட்டாருக்கு கரண்ட் குடுத்து ஓட்டுற போர்டு), பெரிய சப்ளைன்னு செலவு தான் ஏறும்.

உங்களுக்கு நிஜ சவால் வேகத்துல தான். 5 மில்லி லீடுல நிமிஷத்துக்கு 5 மீட்டர்னா மோட்டார் 1000 ஆர்பிஎம் சுத்தணும், ஸ்டெப்பருக்கு அது ரொம்ப அதிகம். ஏன்னா ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் காயில்ல கரண்ட் ஏறி இறங்கணும், காயிலோட இண்டக்டன்ஸ் அந்த ஏத்தத்தை தடுக்கும், வேகம் கூடக் கூட கரண்ட் முழுசா ஏறுறதுக்குள்ள அடுத்த ஸ்டெப் வந்துரும், அது போக சுத்துற ரோட்டரே எதிர் வோல்டேஜ் உண்டாக்கும், டார்க் மளமளன்னு விழுந்துரும். அப்புறம் ஸ்டெப் விட்டுட்டு பூ வேலை பாதில நகந்துரும், பலகை போச்சு. இதுக்கு வழி ரெண்டு: இண்டக்டன்ஸ் கம்மியான மோட்டார், வோல்டேஜ் கூடுன சப்ளை.

கடையில டார்க் கேக்குறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்ல இண்டக்டன்ஸ் எத்தனை மில்லிஹென்ரின்னு கேளுங்க. அந்த நம்பரோட வர்க்கமூலத்தை 32ஆல பெருக்குனா அந்த மோட்டாருக்கு குடுக்கலாம்ங்குற அதிகபட்ச வோல்டேஜ் ஏறக்குறைய வரும். 2.5 மில்லிஹென்ரிக்கு சுமார் 50 வோல்ட், 8 மில்லிஹென்ரிக்கு 90 வோல்ட். 90 வோல்ட் குடுக்குற டிரைவர் நம்ம பட்ஜெட்ல இல்ல, அதனால அந்த 8ஐ தொடாதீங்க, டார்க் கொஞ்சம் கூட இருந்தாலும் சரி. 19 கேஜி-சென்டிமீட்டர், 2.8 ஆம்ப், 2லருந்து 3 மில்லிஹென்ரி, இது கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுங்க. டிரைவர் டிஎம்542, சப்ளை 36 வோல்ட். டிரைவர் 50 வரைக்கும் தாங்கும்னாலும் 48 வைக்காதீங்க, மோட்டார் சட்டுனு வேகம் குறைக்கும்போது கரண்டை திருப்பி அனுப்பும், அந்த வோல்டேஜுக்கும் இடம் விடணும். 24 வோல்ட் சப்ளையை லைட்டுக்கு, ஃபேனுக்கு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, முடிஞ்சா எக்ஸ், ஒய் ஸ்க்ரூவை 1610ஆ மாத்திக் கேளுங்க. லீடு 10 மில்லி, அதே வேகத்துக்கு 500 ஆர்பிஎம் போதும், தள்ளு விசை பாதியாகும், ஆனா மர வேலைக்கு மிச்சம் தான். மோட்டாரை நகர்த்துற பல்ஸை ஜிஆர்பிஎல் யூனோல நொடிக்கு 30,000 தான் அனுப்ப முடியும், 1605ல 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16ஆ பிரிக்கிறது) வச்சு 5 மீட்டர் கேட்டா 53,000 வேணும், நடக்காது. மாத்த முடியலன்னா 8 மைக்ரோஸ்டெப் வைங்க. இசட்டுக்கு 1605ஏ இருக்கட்டும், ஆனா பால் ஸ்க்ரூ தானா பூட்டிக்காது, கரண்ட் போனா ஸ்பிண்டில் கனத்துல கீழ இறங்கி பலகையில குத்தும். பிரேக் வச்ச மோட்டார் இல்லன்னா தூக்கிப் பிடிக்க ஒரு கேஸ் ஸ்பிரிங் கண்டிப்பா போடுங்க, நம்ம ஊர் பவர் கட்டுக்கு இது ரொம்ப முக்கியம். ஒய்க்கு ரெண்டு பக்கமும் மோட்டார் வைக்கிறதா இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி டிரைவர், பல்ஸ் மட்டும் பொதுவா குடுங்க.

கேள்வி: மெஷின் சும்மா நிக்கும்போதும் மோட்டார் கை வைக்க முடியாத அளவு சுடுது, கெட்டுப் போயிருமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஸ்டெப்பர் நிக்கும்போதும் கரண்ட் இழுத்துக்கிட்டே தான் இருக்கும். பாடி 80 டிகிரி வரைக்கும் போறது பெரும்பாலான மோட்டாருக்கு சாதாரணம். டிஎம்542ல நாலாவது சுவிட்சை ஆஃப்ல வைங்க, நிக்கும்போது கரண்ட் பாதியாகும். அப்பவும் சுட்டா டிரைவர்ல செட் பண்ண ஆம்ப்பும் மோட்டார் லேபிள்ல உள்ளதும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. எதை சரி பண்ணினாலும் பவரை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு நிமிஷம் விட்டு மோட்டார் வயரை கழட்டுங்க. ஓடும்போது கழட்டினா டிரைவர் அங்கயே போயிரும்.