கடன் பட்டியலில் தேடுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தா கொத்தவால்சாவடிப் பக்கம் தராசுக் கடை வைத்திருந்தார் என்று அப்பா சொல்லுவார். எந்தத் தெரு, எத்தனை வருஷம் நடந்தது, ஏன் மூடினார்கள், எதுவும் யாருக்கும் தெரியவில்லை. மிஞ்சியிருப்பது ஒரு பித்தளைத் தராசுக்கோல், ஜோடி சேராத இரண்டு தட்டுகள், முன்பக்கம் கிழிந்த ஒரு கணக்கு நோட்டு. நோட்டில் ‘ஆனந்த வருஷம் புரட்டாசி’ என்பது மட்டும்தான் புரிகிறது. கம்பெனிப் பதிவு, பழைய டைரக்டரி என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இப்படிப்பட்ட சின்னத் தொழில்காரர்களுக்கு எங்காவது பதிவு இருக்குமா?

க., கொருக்குப்பேட்டை

அன்புள்ள க.,

இருக்கும். ஆனால் முதலில் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது ஆசைப்பட்டு அந்தத் தராசுக்கோலைப் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள், தடுத்துவிடுங்கள். செய்தவருடைய அடையாளமோ எழுத்தோ இருந்தால் பெரும்பாலும் முள்ளுக்குப் பக்கத்தில் லேசாகக் குத்தியிருப்பார்கள். ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்தது நோட்டு. ஆனந்த வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். உங்கள் கொள்ளுத்தாத்தா காலம் என்றால் 1914–15. அந்தப் புரட்டாசியில்தான், செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்த மாதத்துப் பக்கங்களில் வரவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

மற்றது படிக்க வரவில்லை என்கிறீர்கள். அது பெரும்பாலும் தமிழ் எண்களும் கணக்குக் குறிகளுமாக இருக்கும். ‘க’ மாதிரி இருப்பது ஒன்று, ‘உ’ மாதிரி இருப்பது இரண்டு. பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் ‘உ’ மட்டும் பிள்ளையார் சுழி. ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். முக்கியமானது ௸, அதாவது மேற்படி. வாடிக்கைக்காரர் பெயரை ஒருமுறை எழுதிவிட்டுப் பக்கம் முழுக்க ௸ போட்டுக்கொண்டே போவார்கள். பெயரே இல்லை என்று நினைத்துவிடாமல் மேலே மேலே போய்ப் பாருங்கள். அந்தப் பெயர்கள் உங்களுக்கு வேண்டும்.

ஏனென்றால் ஒரு தராசுக்காரர் தன்னைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போகமாட்டார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களும் அவரிடமிருந்து பணம் வர வேண்டியவர்களும்தான் எழுதியிருப்பார்கள். அசைலம் பிரஸ் ஆல்மனாக் போன்ற டைரக்டரிகளில் வெள்ளைக்காரர்களும் பெரிய கம்பெனிகளும்தான் நிறைந்திருப்பார்கள். அதில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை.

என் தாத்தா பழைய வண்ணாரப்பேட்டையில் டிரங்குப் பெட்டி செய்தவர். ‘வியாபாரம் நொடிச்சுப் போச்சு’ என்பதற்கு மேல் வீட்டில் பேச்சு இருக்காது. அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அத்தை வீட்டுப் பரணில் ஐகோர்ட்டுக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைத்தது. அதோடு ஒரு பட்டியல். தகடு வாங்கிய கடைக்கு இவ்வளவு, ரிவிட்டுக்கு இவ்வளவு, எட்டு மாச வாடகை, கூலியாட்கள் நாலு பேருக்குப் பாக்கி. கடைசி வரி: இட்லிக்கார அம்மாளுக்கு மூன்று ரூபாய் நாலணா. சொத்து என்ற தலைப்பின் கீழே கத்தரி இரண்டு, முடியாத பெட்டி பதினொன்று. கடை எங்கே இருந்தது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை அந்த ஒரே தாளில் இருந்தது. குடும்பம் வெட்கப்பட்டு மறைத்த தாள் அது. அந்தக் கடைசி வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், கடை ஏன் மூடியது என்பதில் தொடங்குங்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களுக்கும் 1909ல் தனித் திவால் சட்டம் வந்தது. ஒருவரைத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால் பெயர், விலாசம், தொழில் எல்லாம் அரசு கெசட்டில் வர வேண்டும். பழைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா நொடிக்கவில்லை என்றாலும் அவருடைய வாடிக்கைக்காரரான மண்டிக்காரர் யாராவது நொடித்திருக்கலாம். அந்த மண்டிக்காரர் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் தராசுக்காரர் இருப்பார். நோட்டில் இருக்கும் பெயர்கள் வேண்டும் என்றேனே, இதற்குத்தான்.

அப்புறம் பத்திரப் பதிவு. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. ராஜாஜி சாலைப் பதிவு அலுவலகத்தில் மனு போட்டுக் கையால் தேட வேண்டும். அவர் வாடகைக் கடைக்காரர் என்றால் சொத்துப் பத்திரம் இருக்காது, சரி. ஆனால் அடமானம் வைத்திருக்கலாம், சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பழைய பத்திரங்களில் ‘இன்ன தெரு இன்ன நம்பர் வீட்டிலிருக்கும் இன்னார் குமாரர், இன்ன வியாபாரம்’ என்று விவரமாக எழுதுவார்கள். கதவிலக்கம் அதற்குப் பிறகு மாறியிருக்கும், அதை நம்பாதீர்கள். நான்கெல்லையில் வரும் அண்டை வீட்டார் பெயர்களை வைத்து இடத்தைப் பிடியுங்கள்.

அண்ணன் தம்பி கூட்டாக நடத்திய கடை என்றால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்கலாம். அந்தப் பதிவேட்டைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். தனி ஆள் கடை இதில் வராது.

எங்கே தேடினாலும் ஒரு எழுத்தோடு நிறுத்தாதீர்கள். ஆங்கிலப் பட்டியலில் சண்முகம் எஸ்ஸிலும் இருப்பார், சியிலும் இருப்பார். ஓரிடத்தில் ஆசாரி என்றும் இன்னோரிடத்தில் ஆச்சாரி என்றும் இருக்கும், வெறும் பெயரோடும் இருக்கும். தகப்பனார் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உங்கள் குடும்பம் விஸ்வகர்மா என்றால் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கும் ஒருநாள் போங்கள். அவர்கள் நிர்வகிக்கும் கோயில் அது. உபயக் கல், மணி, விளக்குத் தண்டு எல்லாவற்றையும் படியுங்கள். அங்கே இருக்கும் பெரியவர்களிடம் தராசு வேலை செய்த குடும்பங்கள் எவை என்று கேளுங்கள்.

முதலில் நோட்டின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். ௸க்கு மேலே யார் இருக்கிறார் என்று சேர்ந்தே பார்ப்போம்.