அந்தக் காகிதம் உங்கள் பீரோவில் ஏன்?

தம்பி தற்கொலை செய்துகொண்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. "என் முடிவுக்கு யாரும் காரணமில்லை" என்று தொடங்கி, பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியையும் மகளின் பள்ளிக் கட்டணத்தையும் மறக்காமல் எழுதியவன் காரணத்தை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதுபவர்களிலும் பலர் காரணத்தை முழுமையாக விளக்கிவிட்டுப் போவதில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபார்பரோ என்ற இரு உளவியலாளர்கள், உண்மையான கடிதங்கள் 33ஐயும், சாகும் எண்ணமே இல்லாதவர்களிடம் கற்பனையாக எழுதி வாங்கிய 33ஐயும் அருகருகே வைத்து ஆராய்ந்து, 1957இல் வெளியிட்டார்கள். யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்ற சில்லறை வீட்டுக் காரியங்கள் உண்மைக் கடிதங்களில்தான் மிகுதியாக இருந்தன. அந்த நேரத்தில் மனம் மிகவும் குறுகிப்போய்விடுகிறது. தன்னைத் தானே அலசிப் பார்க்க அதில் இடமிருப்பதில்லை. உங்கள் தம்பி எதையும் ஒளிக்கவில்லை, அவனால் எழுத முடிந்தது அவ்வளவுதான்.

ஒளித்தது நீங்கள். "அசலைப் போலீஸ் எடுத்துச் சென்றுவிட்டது, ஜெராக்ஸ் என் பீரோவில் இருக்கிறது, அவன் மனைவி ஒருமுறை கேட்டாள், அம்மா கொடுக்க வேண்டாம் என்றார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி அதுதான். "யாரும் காரணமில்லை" என்பதைப் பலரும் எழுதுவது, தமக்குப் பின் வீட்டாரைப் போலீஸ் விசாரணை வாட்டக் கூடாது என்பதற்காக. அந்த வரியைப் பூட்டி வைத்துவிட்டு, "வந்தவள் வாழவிடவில்லை" என்று உங்கள் தாயார் உறவினரிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பெற்ற வயிற்றின் துயரம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மூத்த மகன் வாய்மூடி இருப்பதற்கு அது சாக்கு ஆகாது. தம்பி இல்லாத வீட்டில் அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் அரணாக நிற்க வேண்டியவர் நீங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் போய் அந்தப் பிரதியைத் தம்பி மனைவியிடம் கொடுங்கள். கூடவே விளக்கவுரை சொல்லாதீர்கள்; அவர் அழுதாலும் திட்டினாலும் உட்கார்ந்திருங்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்று அவரோ உங்கள் தாயாரோ சொன்னால் தனியே விடாமல், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. திரும்பும் வழியில், அவன் எழுதிய பால் பாக்கியைத் தீர்த்தாயிற்றா என்று விசாரியுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.